சொல்லிக்கொள்ளாதவர்

ஒரு திங்கட்கிழமை காலை ஆபீசுக்கு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் தரையில் பட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஸ்டூலில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். நான் குள்ளம். அதை என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே போதுமான அளவுக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஆபீசிலும் அந்தப் பேச்சு வேண்டாம் என்று ஸ்டூலைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கணுக்கால் வீங்கியிருக்கும், அவ்வளவுதான். அன்றைக்குக் குனிந்து பார்த்தேன். நான்கு கால்களையும் யாரோ ஒரே அளவாக அறுத்து, அறுத்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பழைய ரப்பர் மூடிகளையே திரும்ப மாட்டியிருந்தார்கள்.

யார் செய்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. மத்தியானம் சாப்பிடப் போகும்போது மாடியில் ப்ரோகிராமர்கள் அறையைத் தாண்டினேன். அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவருடைய மேஜைக்கு அடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதிலிருந்து ரம்பத்தின் கைப்பிடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "சார், என் ஸ்டூலை..." என்று ஆரம்பித்தேன். "நானா? இல்லையே" என்றார். நான் இன்னும் கேட்டே முடிக்கவில்லை. அவர் காது மடல் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்துவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்த ஸ்டூல் எனக்கு மட்டும் சொந்தமில்லை. இரண்டாவது ஷிப்டில் அதில் உட்காருகிறவள் என்னைவிட ஒரு முழம் உயரம். அன்று சாயங்காலம் அவள் முட்டி மெஷின் இரும்பில் இடித்துக்கொண்டது. ஸ்டூலை அறுத்தது நான்தான் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். மறுநாள் எனக்குக் கிடைத்த வசவு கொஞ்சநஞ்சமில்லை. அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் கழித்து உயரமான ஸ்டூல் ஒன்று தானாக வந்து சேர்ந்தது. அதை யார் கொண்டுவந்தார்கள் என்பதும் யாருக்கும் தெரியாது.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அவருக்குக் கூசும்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. தி. நகரில், பாண்டி பஜாரிலிருந்து பிரியும் ஒரு தெருவில் எங்கள் கம்பெனி. சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்க முடியாத கடைகள், மில்களின் கணக்குகளை வாங்கி எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பது தொழில். மாடியில் ஏசி ஹாலில் கம்ப்யூட்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து வாசலில் பூசணிக்காய் உடைப்போம். கீழே பஞ்ச் ரூம். இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடைக்காரர்கள் அனுப்பும் தாள்களைப் பார்த்து, தபால் கார்டைவிடச் சற்று நீளமான அட்டைக் கார்டுகளில் மெஷினால் ஓட்டை போடுவோம். ஒரு சரக்குக்கு ஒரு கார்டு. ஒருத்தி அடித்ததை இன்னொருத்தி வேறொரு மெஷினில் மறுபடி அடித்துச் சரிபார்க்க வேண்டும். நான் அடித்ததைச் சரிபார்த்தவள் சரோஜா. எல்லா மெஷினும் ஓடும்போது பக்கத்தில் இருப்பவள் காதில் கத்தினால்தான் கேட்கும். வீட்டுக்குப் போன பிறகும் நான் கத்தித்தான் பேசுவேன். என் அம்மா ராயப்பேட்டை முழுக்க அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் மூத்த ப்ரோகிராமர். நாற்பது வயதிருக்கும். மயிலாப்பூர்க்காரர். வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றியில் பாதி அழிந்த விபூதி, வெயிலானாலும் மழையானாலும் ஒரு குடை. மேனேஜரே அவரை எதிரில் உட்கார வைத்துத்தான் பேசுவார். வேலையில் அப்படி ஒரு சுத்தம். ஆனால் எதைச் செய்தாலும் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துச் செய்வார். கண்டுபிடித்துக் கேட்டால் "நானா? இல்லையே" என்பார். இன்னும் நெருக்கினால், "யார் பண்ணினா என்ன, ஆயிடுத்தோல்லியோ, விடு" என்பார். நான் அறிந்தவரை அவர் வேறு பொய் சொன்னதில்லை. செய்த நல்லதை இல்லை என்று சொல்வது ஒன்றுதான் அவருடைய பொய்.

பெண்கள் பாத்ரூமில் தாழ்ப்பாள் உடைந்து வெகு நாளாகியிருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்போம். மேனேஜரிடம் போய் இதைச் சொல்ல யாரையும் வெட்கம் விடவில்லை. ஒரு நாள் காலையில் புதுப் பித்தளைத் தாழ்ப்பாள் பளபளவென்று இருந்தது. எண்ணெய்கூட விட்டிருந்தது. எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. நல்ல மனுஷன் என்றாள் ஒருத்தி. நல்ல மனுஷன்தான், ஆனால் உள்ளே தாழ்ப்பாள் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்றாள் சரோஜா. நாங்கள் மாற்றி மாற்றிக் காவல் நின்றதை மாடிப்படியில் ஏறி இறங்கும்போது அவர் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். இருந்தாலும், நாம் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்த ஒன்றை ஒருத்தர் பார்த்துவிட்டு, சொல்லாமல் சரிசெய்துவிட்டும் போனால், நன்றியோடு ஒரு கூச்சமும் சேர்ந்தே வருகிறது. அன்று முழுக்க அவர் எதிரில் வந்தால் நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தோம்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு அவர் மனைவி எங்களை எல்லாம் கொலுவுக்கு அழைத்திருந்தார். மயிலாப்பூரில் சின்ன வீடு. சுண்டலைக் கையில் கொடுத்துவிட்டு அந்த மாமி உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். கணவர் வாயே திறக்காத வீட்டில் அவர்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேச வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் குழந்தைகள் தினமும் தாமதமாகப் போகிறார்களே என்று மாமி ஒரு நாள் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தாராம். அதே கவலையில் அவரும் யாரிடமும் சொல்லாமல் பத்து நிமிஷம் தள்ளி வைத்திருக்கிறார். மறுநாள் குழந்தைகள் போய் நின்றபோது வாட்ச்மேன் பல் தேய்த்துக்கொண்டிருந்தானாம். "ஒரு வார்த்தை எங்கிட்ட சொன்னா என்ன? வாயில முத்தா உதிர்ந்துடும்? ஆத்துல ஒரு கடியாரத்தை நம்ப முடியலை" என்றார் மாமி. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கதவுக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தது அவருடைய நிழலில் தெரிந்தது. கடைசிவரை வெளியே வரவில்லை.

தீபாவளி வந்தது. தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் சரக்குக் கணக்கு எங்களிடம் இருந்தது. கடையின் முதலாளி தெற்கத்திக்காரர். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தீபாவளிக்காக வந்து இறங்கிய புதுச் சேலைகளின் தாள்கள் எல்லாம் என் மேஜைக்கு வந்தன. என்னையும் சரோஜாவையும் வேலையில் நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று அந்த மாசக் கடைசியில்தான் முடிவு செய்யப் போகிறார்கள். நான் வேலைக்குப் போவதே பிடிக்காத என் அண்ணன் அந்த முடிவுக்காகத்தான் காத்திருந்தான். அதனால் ஒவ்வொரு கார்டையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் அடித்தேன். சரோஜா சரிபார்த்தாள். ஒரு கார்டுகூடத் தப்பு வரவில்லை. கார்டுக் கட்டு மாடிக்குப் போனது.

மறுநாள் கட்டு திரும்பி வந்தது. கம்ப்யூட்டர் ஒரு நீளத் தாளில் என் கார்டுகளை வரிசையாக அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரில் ரிஜெக்ட் என்று போட்டிருந்தது. பழைய சரக்கில் விற்றதைக் கழிக்கும் கார்டுகள் வேறு ஒருத்தி அடித்தவை. அவை எல்லாம் ஒழுங்காக ஏறியிருந்தன. நான் அடித்த புதுச் சரக்கில் ஒன்றுகூட, கணக்கைப் பதிந்து வைக்கும் டிஸ்க்கில் ஏறவில்லை. அதைப் பார்த்த யாருக்கும் சந்தேகமே வராது. கம்ப்யூட்டர் ஓடுகிறது, ப்ரோகிராம் ஓடுகிறது, இவள் கார்டு மட்டும் ஏறவில்லை.

திரும்ப அடித்தேன். அதுவும் ரிஜெக்ட். கம்ப்யூட்டர் எஞ்சினியரை வரவழைத்துக் கார்டு படிக்கும் மெஷினைத் துடைக்கச் சொன்னார்கள். துடைத்தார். அப்புறமும் ரிஜெக்ட். அந்தக் கடைக்கு ப்ரோகிராம் எழுதியவர் பம்பாயில் வேறு வேலை கிடைத்துப் போயிருந்தார். நம்மவரோ அப்பாவின் தெவசத்துக்குக் கும்பகோணம் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் என்ன என்று பார்த்திருப்பார் என்று நான் சரோஜாவிடம் சொன்னேன். நிஜமாகவே நம்பிச் சொன்னேன்.

மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டபோது அண்ணாச்சி அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் எங்களைத் திட்டவில்லை. "கடை நெறைய சேல கெடக்கு, ஒங்க பொட்டியில ஒண்ணுகூட இல்லங்கீய. எங்க கணக்கப்பிள்ள நோட்டுலயே எழுதியிருப்பாரேய்யா" என்று மேனேஜரிடம்தான் சொன்னார். அந்த ஆத்திரத்தை மேனேஜர் எங்கள் மேல் இறக்கினார். ஊர்க்கதை பேசிக்கொண்டே அடித்தால் இப்படித்தான் என்றார். ஒருத்தி தூக்கத்தில் அடிக்கிறாள், இன்னொருத்தி தூக்கத்தில் சரிபார்க்கிறாள் என்றார். நான் சரியாகத்தான் அடித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மேஜை மேல் அந்த நீளத் தாள் விரித்துக் கிடந்தது. அதற்கு எதிரில் என் வார்த்தைக்கு என்ன மரியாதை?

திரும்பி வந்து பஞ்ச் ரூமில் என் இடம்வரை நடந்தேனே, அந்த நடையை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. எல்லோரும் குனிந்துகொண்டு வேலை செய்தார்கள். அவ்வளவு அக்கறையாக அவர்கள் வேலை செய்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சரோஜா என்னோடு சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு என் மேல் கோபமா, தன் கண் மேலேயே நம்பிக்கை போய்விட்டதா, தெரியவில்லை. ஜன்னலோரம் உட்காருகிற இரண்டு பேர் எனக்கு ரிஜெக்ட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போய்க் கடிதத்தில் எழுதி அனுப்பிய பதிலுக்கும் அர்த்தம் அதுதான். வீட்டில் ஓவர்டைம் என்று பொய் சொல்லிவிட்டு, மூன்றாவது தடவை அத்தனை கார்டையும் முதலிலிருந்து அடித்தேன். அழுதால் கார்டு ஈரமாகிவிடும் என்று அழாமல் அடித்தேன்.

மூன்றாவது கட்டு ஏறிவிட்டது. ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகவில்லை.

மேனேஜர் பஞ்ச் ரூம் வாசலில் வந்து நின்று, "பாத்தியா, கவனமா அடிச்சா ஏறுது இல்ல?" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கத்திவிட்டுப் போனார். அதுவரை கொஞ்சம் சந்தேகமிருந்தவர்களுக்கும் அன்றோடு தீர்ந்துவிட்டது. எனக்கே தீர்ந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். முதல் இரண்டு தடவையும் எனக்கு ஏதோ ஆகியிருக்க வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்தேன்.

ஆனால் முதல் கட்டைத் தூக்கிப் போட மனசு வராமல் மேஜைக்கடியில் வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் ஹாலில் ஆபரேட்டராக இருந்தவர் ஏழுமலை. சிந்தாதிரிப்பேட்டைக்காரர், எங்களிடம் நன்றாகப் பேசுவார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும். அண்ணே, இந்தக் கட்டை ஒரு பழைய டிஸ்க்கைப் போட்டு ஓட்டிப் பாருங்கள், என் திருப்திக்காக என்று கெஞ்சினேன். ஓட்டினார். தாளை நீட்டினார்.

"எல்லாம் ஏத்துக்கிச்சும்மா. ஒண்ணுகூடத் துப்பல" என்றார்.

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழுமலை தலையைச் சொறிந்தார். பிறகு ஜவுளிக்கடை ப்ரோகிராம் கட்டை எடுத்து என்னிடம் காட்டினார். ப்ரோகிராமும் கார்டுகள்தான். கீழே விழுந்து கலைந்தால் திரும்ப அடுக்க வசதியாகக் கட்டின் மேல்விளிம்பில் குறுக்காக ஒரு பென்சில் கோடு போட்டு வைப்பார்கள். அந்தக் கோடு நடுவில் விட்டுப்போயிருந்தது. அந்த இடத்தில் கார்டுகள் புதிதாக, வெள்ளையாக இருந்தன.

"நீ மூணாவது கட்டு குடுத்த அன்னிக்குத்தாம்மா கும்மோணத்துலேந்து சாரு வந்தாரு, காலைல சீக்கிரமாவே. இதுல கொஞ்சத்த எட்த்துட்டு வேற வெச்சிக்கினு இருந்தாரு. இன்னா சார்னேன். ஒண்ணுமில்லப்பா, யாராண்டயும் சொல்லிக்க வேணாம்னாரு. அவுரு எப்பவும் சொல்றதுதானேன்னு நானும் வுட்டுட்டேன்."

அன்று சாயங்காலம் அவர் பஸ் ஏறும் பனகல் பார்க் ஸ்டாப்புக்குப் போனேன். அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியாக ஓர் ஆண்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று பேசினால் நாலு பேர் பார்ப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும், ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று இருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்ததும் குடையை என் பக்கம் சாய்த்தார். அவருடைய பாதிச் சட்டை நனைந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

"முதல் கட்டை ஓட்டிப் பாத்தோம் சார். எல்லாம் ஏறிடுச்சு."

அவர் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏறியிருக்கும்" என்றார்.

பிறகு ரோட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் விளக்கினார். எனக்கு ப்ரோகிராம் தெரியாது என்று அவருக்குத் தெரியும், அதனால் நிதானமாகவே சொன்னார். எந்தக் கடையின் ப்ரோகிராமானாலும் புதிதாக வருவதை டிஸ்க்கில் எழுதுவதற்கு எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சின்னக் கட்டு உண்டு. நாளைக்குக் கடைக்காரர்கள் இன்னும் நாலு விவரம் சேர்க்கச் சொன்னால் இடம் வேண்டுமே என்று அவர் போன மாசம் அந்தக் கட்டைத் திருத்தி, ஒவ்வொரு பதிவின் நீளத்தையும் கூட்டியிருக்கிறார். நீளம் குறைவாக ஏதாவது வந்தால் ஏற்காதே என்று காவலும் போட்டிருக்கிறார். தன் பீரோவில் இருந்த ப்ரோகிராம்களை எல்லாம் அதற்குத் தக்கபடி மாற்றிவிட்டார். பம்பாய்க்குப் போனவரின் பீரோவில் இருந்த ஜவுளிக்கடை ப்ரோகிராம் நினைவுக்கு வரவில்லை. அது பழைய நீளத்தையே கொடுத்துக்கொண்டிருந்தது, புதிய கட்டு அதை வாங்க மறுத்துக்கொண்டிருந்தது. பழைய சரக்கைக் கழிக்கும் வேலைக்கு வேறு கட்டு, அதனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மாற்றியதை ஒரு வார்த்தை யாரிடமாவது சொல்லியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார். அவருடைய வீட்டில், அவர் வளர்ந்த விதத்தில், செய்ததைச் சொல்லிக்கொள்வது அல்பத்தனம்.

"எங்கிட்டதாம்மா தப்பு. அதான் மாத்திட்டேனே. ஆயிடுத்தோல்லியோ" என்றார்.

"உங்களுக்கு ஆயிடுச்சு சார். எனக்கு ஆகல."

பஸ் வந்தது. அவர் குடையை என் கையில் திணித்துவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு ராயப்பேட்டைவரை நடந்தே போனேன். செய்த நல்லதை இல்லை என்று சொன்ன அதே வாய், அதே குரலில், செய்த தப்பையும் மறைத்துவிட்டது. அவருக்கு இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது. நாங்கள்தான் முதலாவதை அடக்கம் என்று கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

அந்த வாரமே மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். வேலை நிரந்தரம். உன்னைப் பற்றி மூத்தவர் ஒருத்தர் உயர்வாகச் சொல்லியிருக்கிறார், அதற்காகத்தான் என்றார். "இனிமேலாவது ஒரே தடவையில அடி" என்றும் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல், நல்ல பெண் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். என் ஸ்டூலின் காலை அறுத்த மாதிரியே என் வாழ்க்கையிலும் யாருக்கும் தெரியாமல் ஒன்றைச் சரிசெய்துவிட்டார். வீட்டில் அம்மா பாயசம் வைத்தாள். இரவல் புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாதிரி இருந்தது எனக்கு. பஞ்ச் ரூமில் நான் இன்னும் ரிஜெக்ட்தான். மூன்று தடவை அடித்தும் வேலை நிரந்தரமாகிறதென்றால் மாடியில் யாரையோ பிடித்துவைத்திருக்கிறாள் என்ற பேச்சு வேறு சேர்ந்துகொண்டது. சரோஜாவுக்கு அந்தத் தாள் வரவே இல்லை.

நேரே அவர் அறைக்குப் போனேன். குடையை மேஜை மேல் வைத்தேன். நீங்கள் சொல்ல வேண்டும் சார் என்றேன். மேனேஜரிடம் சொல்கிறேன் என்றார். அங்கே சொன்னால் கதவுக்குள்ளேயே முடிந்துவிடும், எங்கள் ரூமில் வந்து சொல்லுங்கள், சரோஜா காதில் விழ வேண்டும் என்றேன். இருபத்திரண்டு வயதில் எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"என்னால முடியாதும்மா. நாலு பேர் என்னைப் பாத்தா எனக்கு உடம்பெல்லாம் கூசும். நல்லதுக்குப் பாத்தாலும் சரி, கெட்டதுக்குப் பாத்தாலும் சரி. சின்ன வயசுலேந்து அப்படித்தான்."

"நானும் அப்படித்தான் சார் தினம் வந்து உக்கார்றேன்" என்றேன்.

நான் கீழே வந்துவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள். எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தோம். மெஷின்கள் பேயாகக் கத்திக்கொண்டிருந்தன. நான் தலையைத் தூக்கியபோது அவர் பஞ்ச் ரூம் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். விபூதி அன்றைக்கு அழியாமல் பட்டையாக இருந்தது. இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து, உதட்டை அசைத்தார். கொஞ்ச நேரம் அசைத்தார். பிறகு மூச்சு விட்டார். முகம் தெளிந்துவிட்டது. திரும்பிப் போக அடியெடுத்து வைத்தார்.

அவர் சொல்லிவிட்டார். ஒருத்திக்கும் கேட்கவில்லை. பாதிப் பேர் அவர் வந்ததையே பார்க்கவில்லை.

அப்படியே விட்டிருக்கலாம். அவர் தன் வாழ்நாளில் செய்த மிகப் பெரிய காரியம் அது என்று எனக்குத் தெரியும். ஆனால் சரோஜா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் என் மெஷினை நிறுத்தினேன். எழுந்து போய்ச் சரோஜாவின் மெஷினையும் நிறுத்தினேன். அவள் என்னடி என்று திரும்பினாள். பக்கத்து வரிசையில் கையைக் காட்டினேன். ஒவ்வொன்றாக எல்லா மெஷினும் நின்றது. அந்த அறையில் அப்படி ஓர் அமைதியை நாங்கள் கேட்டதே இல்லை. மின்விசிறி முனகுவது கேட்டது.

"கேக்கல சார்" என்றேன்.

அவர் திரும்பினார். இருபது பேரும் அவரைப் பார்த்தோம். காது மட்டுமில்லை, கழுத்து, நெற்றி எல்லாம் சிவந்துவிட்டது. ஒரு கணம் அவர் "நானா? இல்லையே" என்று சொல்லிவிடுவார் என்று பயந்தேன்.

"ஜவுளிக்கடை கார்டு எல்லாம் முதல் தடவையே சரியாத்தான் இருந்தது. அடிச்சதும் சரி, பாத்ததும் சரி. நான் ப்ரோகிராமை மாத்தினேன். யார்கிட்டயும் சொல்லலை. தப்பு என்னுது." குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் பரவாயில்லை. ஒப்பிக்கிற பையனின் குரலாக இருந்தது.

சொல்லி முடித்தார். சரோஜா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஜன்னலோரத்து இரண்டு பேரும் கார்டு அடுக்குவது போல எதையோ அடுக்கினார்கள். யாராவது ஒருத்தி பரவாயில்லை சார் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குப் போகவும் தெரியவில்லை. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க ஓர் அறையிலிருந்து வெளியே நடந்து போக அவர் பழகியதே இல்லை. கோத்த கையைப் பிரிக்காமல் நின்றுகொண்டே இருந்தார். சட்டையின் அக்குளில் வேர்வை இறங்கியது. நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது. மேனேஜர் அறையிலிருந்து நடந்து வந்த அன்றுகூட இத்தனை வெட்கப்படவில்லை.

என் ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். மெஷினைப் போட்டேன். அடிக்க எதிரில் தாள் எதுவும் இல்லை. ஒரு வெற்றுக் கார்டைச் செருகி, கைக்கு வந்ததை அடித்தேன், முடிந்தவரை சத்தமாக அடித்தேன். கொஞ்ச நேரத்தில் சரோஜாவின் மெஷினும் சேர்ந்துகொண்டது. பிறகு ஜன்னலோரம். பிறகு எல்லாம். பழைய இரைச்சல் அறையை நிறைத்தது. அவர் போய்விட்டார் என்று சரோஜா என் தோளைத் தொட்டுச் சொன்ன பிறகும் நான் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தேன்.